கோட்டைக்கு வந்த கிளப் பஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலசுந்தரம் தன் சொந்தக் காரைத் திருடிக்கொண்டு போகிறவர் போல வெளியே எடுத்தார்.

வழக்கமாக அவர் மோரிஸ் மைனரைக் கிளப்பினால் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை முழுக்க எழுந்துவிடும். கேட்டுக்கு ஒரு ஹார்ன், சந்துக்கு ஒரு ஹார்ன், எதிர்வீட்டுப் பூனைக்கு ஒரு ஹார்ன். அன்றைக்கு மூச்சு இல்லை. கேட்டின் கீலுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டிருந்தார். அவர் மனைவி கனகேஸ்வரி தேங்காய்ப்பால் சொதிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி சத்தம் போடாமல் இருக்க அதைத் துணியில் சுற்றியிருந்தார்.

பின் சீட்டில் இருந்த மகள் குணபூசணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“நாம என்னப்பா, பேங்கைக் கொள்ளையடிக்கவா போறோம்?”

“உஷ்! சந்திரகலா வீட்டு ஜன்னல் திறந்திருக்கு. சிரிக்காதே பிள்ளை.”

“அந்த வீட்டைத் தாண்டி ரெண்டு தெரு வந்தாச்சுப்பா.”

“அவ காதுக்கு ரெண்டு தெருவெல்லாம் ஒரு தூரமா?”

இந்தத் திருட்டுத்தனத்துக்கெல்லாம் காரணம் போன வாரம் குணபூசணி போட்ட நிபந்தனைதான்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பெண் பார்ப்பதில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது. ஆகவே கோவில். இரண்டு குடும்பமும் ஸ்காட் ரோடு கந்தசாமி கோவிலில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். “அட, நீங்களா!” என்று ஆச்சரியப்படும். பெண் பட்டுடுத்திப் பிராகாரம் சுற்றுவாள். மாப்பிள்ளை வீட்டார் பின்னாலேயே சுற்றி நடை, நிறம், உயரம் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவார்கள். வெளியில் யாருக்கும் தெரியாது என்று எல்லாரும் சொல்லிக்கொள்வார்கள். தூணுக்குத் தூண் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

குணபூசணி அப்படி நான்கு முறை சுற்றியிருக்கிறாள். நான்கு முறையும் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரே வாக்கியம்தான். “வீட்டுக்குப் போய் யோசிச்சு, ஒரு வாரத்துல சொல்லி அனுப்புறோம்.” ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. நான்காவது தடவை முடிந்து பாசாருக்குப் போனபோது, மீன் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, “பிள்ளைக்குக் குரல் கொஞ்சம் தடிப்பாமே, அதுதான் வேணாம்னாங்களாம்” என்று கனகேஸ்வரியிடமே துக்கம் விசாரித்தார். டெலிகோம் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பிரிவுக்கு அவளை சூப்பர்வைசர் ஆக்கியதே அந்தக் குரலுக்காகத்தான். அது மீன் வாங்க வந்த அம்மாவுக்குத் தெரியுமா?

அன்றிலிருந்து பாலசுந்தரம் கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். கருவூலத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவோடு உட்கார்ந்துவிட்டார். குணபூசணிக்குத் தன் அவமானத்தைவிட அதுதான் பெரிதாக வலித்தது.

அதனால்தான் ஐந்தாவது வரன் வந்தபோது அவள் கண்டிப்பாகச் சொன்னாள். “கோவில்ல இனிமே நான் சுத்த மாட்டேன். வேற எங்கயாவது பார்க்கட்டும். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா இதுதான் கடைசி, அப்புறம் கல்யாணப் பேச்சே வேணாம்.”

பாலசுந்தரம் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த இடம் கோலசிலாங்கூர். பழைய சுல்தான்களின் கோட்டை இருக்கிற குன்று. கீழே ஆறு, எட்டிப் பார்த்தால் கடல். பிரிக்பீல்ட்ஸ் ஆட்களுக்கு அங்கே என்ன வேலை? சுங்கை பூலோ வழியாகப் போனால் கிட்டம். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கிள்ளான் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். காப்பார் தாண்டி, ஜெரம் தாண்டி, தென்னந்தோப்பும் செம்பனையும் மாறி மாறி வர, காருக்குள் உப்புக் காற்று அடித்தது. குணபூசணி ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டாள்.

“அந்தக் காஞ்சிபுரத்தைக் கட்டியிருக்கலாம்” என்றார் கனகேஸ்வரி, பத்தாவது தடவையாக.

“கோட்டை பார்க்க யாராவது பட்டு கட்டுவாங்களாம்மா? காட்டன்தான் லா சரி.”

குன்றின் மேலே பெரிய பெரிய மழைமரங்கள் நிழல் விரித்திருந்தன. கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்ச வீடு வெள்ளையாக நின்றது. பீரங்கிகள் கடலைப் பார்த்துப் படுத்திருந்தன. சாம்பல் நிறக் குரங்கு ஒன்று சாமந்திப்பூ நிறத்தில் குட்டியைக் கட்டிக்கொண்டு மதில் மேல் இருந்தது.

மதிலுக்குப் பக்கத்தில் குடையோடு ஓர் அம்மாள் நின்றார். அவர்தான் புனிதவதி, கிள்ளானில் பள்ளித் தலைமையாசிரியை. அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அருகில் நின்ற தம்பி வீரசிங்கம், வாய்க்கால் நீர்ப்பாசன இலாகாவில் இஞ்சினியர். நெட்டையான ஆள். காலில் போட்டிருந்த சப்பாத்தில் சேறு ஒட்டியிருந்தது.

பாலசுந்தரம் இரண்டு கையையும் விரித்தார். “அட, நீங்களா! என்ன ஆச்சரியம்!”

குரங்கைத் தவிர அங்கே பார்க்க ஆளில்லை. பழக்கதோஷம். குணபூசணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரே பார்த்தால் வீரசிங்கமும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். கண்கள் சந்தித்தன. அந்தக் கணத்திலேயே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

பெரியவர்கள் இடியப்பம் பிரித்தார்கள். இளையவர்கள் பீரங்கிப் பக்கம் போனார்கள்.

“சப்பாத்துல என்ன சேறு?” என்றாள் குணபூசணி.

“சீக்கிரம் வந்துட்டோம். கீழ போய் ஆத்தைப் பார்த்தேன். கடல் பெருக்கு ஏறுற நேரம். ஆத்தைப் பார்த்தா எனக்குக் கால் நிக்காது.” அவன் கூச்சத்தோடு சிரித்தான். “இந்தக் கோட்டைய டச்சுக்காரன் பிடிச்சான், தெரியுமா? அப்புறம் சுல்தான் ஆட்கள் திரும்பப் பிடிச்சாங்க.”

“அப்ப இதால ஒருத்தரையும் தடுக்க முடியலன்னு சொல்லுங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு சொல்லணும். அக்கா எனக்காக ஏழு பேரைப் பார்த்தாச்சு. ஒருத்தர்கிட்டயும் என்னைப் பேச விட்டதில்ல. தூரத்துல நின்னு பார்த்துட்டு வேணாம்னுடுவாங்க. இங்கதான் முதல் தடவையா பேசுறேன்.”

“எப்படி இருக்கு?”

“டிரங்க் கால் மாதிரி இருக்கு. லைன் கட் ஆயிடுமோன்னு பயமா இருக்கு.”

அவன் வாய் வைத்த நேரம், குன்றின் அடிவாரத்திலிருந்து கைதட்டும் பாட்டும் கேட்டன. முக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது ஒரு பஸ். முன்னால் துணிப் பேனர். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். கதவில் தொங்கிக்கொண்டு, கையில் ஒலிபெருக்கியோடு கிளப் செயலாளர் சபாபதி.

பிரிக்பீல்ட்ஸ் கிளப்பின் வருஷாந்திர பிக்னிக்!

போன மாதமே கிளப்பில் முடிவான விஷயம். கிளப் பக்கமே தலைவைக்காத பாலசுந்தரத்துக்கு மட்டும் தெரியாது. ஊருக்குப் பயந்து ஒளிந்தவர், ஒளிந்த காரணத்தாலேயே ஊர் வருகிற இடத்துக்கு மகளைக் கூட்டி வந்துவிட்டார்.

அவர் இடியப்பத் தட்டோடு பீரங்கிக்குப் பின்னால் குனிந்தார். மற்ற எல்லாம் மறைந்தது, தொப்பை மறையவில்லை.

“பாலா அண்ணே!” ஒலிபெருக்கி அலறியது. “கிளப்புக்கு வரமாட்டேன்னுட்டு பிக்னிக்குக்கு முதல் ஆளா வந்துட்டீங்களே!”

பஸ் குலுங்கி நின்றது. சட்டி, பானை, பிள்ளைகள், பாய் என்று பிரிக்பீல்ட்ஸ் மொத்தமும் இறங்கியது. இரண்டு தெரு தாண்டிக் கேட்கும் காதுக்குச் சொந்தக்காரி சந்திரகலாவும் இறங்கினாள். குடை பிடித்த புதிய அம்மாளைப் பார்த்தாள். நெட்டை மாப்பிள்ளையைப் பார்த்தாள். குணபூசணியைப் பார்த்தாள். “ஓ…” என்றாள். அந்த ஓ பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

“சும்மா… கோட்டையைப் பார்க்கலாம்னு…” என்றார் பாலசுந்தரம்.

குடை படக்கென்று மூடிக்கொண்டது. புனிதவதியின் முகம் சிவந்திருந்தது.

“இப்பத்தான் புரியுது ஐயா. ரகசியமா பார்க்கலாம்னு கூப்பிட்டீங்க. ஊரையே கூட்டி வந்து நிறுத்திட்டீங்க. இத்தனை பேர் முன்னால நாங்க எப்படி வேணாம்னு சொல்ல முடியும்? அதுதானே உங்க கணக்கு?”

“ஐயோ, சத்தியமா இல்லைம்மா…” என்றார் பாலசுந்தரம், கையில் தட்டோடு. கனகேஸ்வரியின் கண்கள் நிறைந்துவிட்டன.

“கார்ல போய் இரு பிள்ளை” என்றார் பாலசுந்தரம் மெல்ல.

குணபூசணி நடந்தாள். இருபுறமும் தெரிந்த முகங்கள். பாவம் என்று சொல்கிற முகங்கள். ஐந்தாவது தடவை. இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொன்னது அவள்தான். அந்த நெட்டை மனிதனோடு பேசிய அரைமணி நேரம் மட்டும் அவளோடேயே நடந்து வந்தது. கார் கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா இன்னும் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு, குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல, சுத்தமான கோபம். எக்ஸ்சேஞ்சில் யாராவது நடுவில் காது வைத்துக் கேட்டால் அவள் லைனைத் துண்டிக்க மாட்டாள். ‘மூணாவது ஆள் கேட்டுக்கிட்டு இருக்காங்க, நீங்க பேசுங்க’ என்பாள். கேட்கிறவன்தான் வெட்கப்பட்டுப் போனை வைப்பான்.

கதவைச் சாத்திவிட்டு நேராக சந்திரகலாவிடம் வந்தாள்.

“ஆமா ஆன்டி. நீங்க நினைக்கிறது சரிதான். அவர் பேரு வீரசிங்கம், கிள்ளான். நான் மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கேன்.” தடித்த குரல், கணீரென்று மதில் வரைக்கும் கேட்டது. “எல்லாரும் வந்துட்டீங்க, எல்லாரும் நல்லா பார்த்துக்குங்க. பதில் மட்டும் நான் சொல்லுவேன்.”

பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே திரும்பினார்கள்.

“பெண் மாப்பிள்ளை பார்க்கிறதா?” என்றார் யாரோ ஒரு பெரியவர்.

“நாலு தடவை என்னைப் பார்த்தாங்க அங்கிள். ஒரு தடவை நான் பார்த்தா கோட்டை இடிஞ்சிடுமா?”

முதலில் சிரித்தது வீரசிங்கம்தான். முன்னால் வந்து கை கூப்பினான். “எல்லாருக்கும் வணக்கம். எப்படி நடக்கணும்னு சொல்லுங்க, நடந்து காட்டுறேன்.”

அவ்வளவுதான், கிளப்புக்குக் குஷி பிறந்துவிட்டது. வெளிச்ச வீட்டை மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார்கள். அவன் சேற்றுச் சப்பாத்தோடு சுற்ற, பெண்கள் கூட்டம் பின்னாலேயே சுற்றியது. “நடை பரவாயில்ல, கொஞ்சம் கூன்” என்றாள் ஒருத்தி. “நிறம் குறைவுதான், வெயில்ல வேலை செய்யிற பிள்ளை” என்றாள் இன்னொருத்தி. “சமைக்கத் தெரியுமா தம்பி?” என்று கேட்டாள் சந்திரகலா.

“முட்டை அவிப்பேன் ஆன்டி.”

“பாட்டு?”

“பாடினா குரங்கெல்லாம் இறங்கிப் போயிடும்.”

பாடச் சொல்லியே தீர்த்தார்கள். ஒரு தேவாரத்தை எடுத்தான். சுருதி எங்கோ போனது. சாமந்தி நிறக் குட்டியை அணைத்துக்கொண்டு தாய்க்குரங்கு நிஜமாகவே அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. குணபூசணி சிரித்துச் சிரித்து பீரங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் சபாபதி புனிதவதியிடம் போனார். “அம்மா, இவரா எங்களை வரச் சொன்னார்? நான் மாசக்கணக்கா இவர் வீட்டுக் கதவைத் தட்டுறேன். உள்ள ரேடியோ பாடுது, கதவு திறக்கல. தம்போலா விளையாட்டுக்கு நம்பர் கூப்பிட இவரை விட்டா கிளப்புல ஆளே இல்ல.”

புனிதவதி பாலசுந்தரத்தைப் பார்த்தார். “ஏன் போகல?”

பாலசுந்தரம் தரையைப் பார்த்தார். “எம் பிள்ளையை வேணாம்னவங்களைப் பத்திப் பேசுவாங்க. கேக்க முடியலம்மா.”

புனிதவதி குடையைக் கீழே வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். கனகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொதி ஆறுது, சாப்பிடுங்கோ” என்றார். புனிதவதி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மதியம் எல்லாரும் கீழே ஆற்றங்கரைக்கு இறங்கினார்கள். பழைய கடை வரிசைக்குப் பின்னால், மீன்படகுகள் கட்டிக் கிடந்த துறைக்குப் பக்கத்தில் புல்வெளி. பெருக்கில் ஆறு கரை வரைக்கும் நிறைந்து கிடந்தது. பாலசுந்தரம் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, “எண் எழுபத்தேழு, பாட்டியும் பாட்டனும் தடியூன்றி வாறாங்க!” என்று தம்போலா கூப்பிட்ட குரல் அக்கரைக்குக் கேட்டது. அப்பாவின் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! குணபூசணிக்குக் கண் கரித்தது. பக்கத்தில் இருந்த வீரசிங்கம் கைக்குட்டையை நீட்டினான். சேறு படிந்த கைக்குட்டை. வாங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு பஸ் ஹார்ன் அடித்தது. ஒருவரும் ஏறவில்லை. எல்லாரும் புனிதவதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்து சேலையை உதறினார். தம்பியைப் பார்த்தார். அவன் தலையாட்டின வேகத்தில் கழுத்துச் சுளுக்கியிருக்கும்.

“எங்களுக்குச் சம்மதம்” என்றார் புனிதவதி.

பிள்ளைகள் கத்தினார்கள். சந்திரகலா கைதட்டினாள். பாலசுந்தரம் மகிழ்ச்சியில் வாயைத் திறந்தார். “எங்களுக்கும்…”

“அப்பா.”

குணபூசணி முன்னால் வந்தாள். புனிதவதிக்கு மரியாதையாகக் கை கூப்பினாள்.

“வீட்டுக்குப் போய் யோசிச்சு, ஒரு வாரத்துல சொல்லி அனுப்புறோம்.”

ஆற்றங்கரை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. கோவில் தூணுக்குப் பின்னால் நின்று அந்த வாக்கியத்தை நான்கு முறை கேட்ட காதுகள்தான் அத்தனையும். முதலில் கனகேஸ்வரிக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு சந்திரகலாவுக்கு. பிறகு கிளப் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வீரசிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அடிபட்டவன் சிரிப்பு, ஆனாலும் சந்தோஷமான சிரிப்பு.

சிரிக்காதவர் ஒருவர்தான்.

கார் கிளம்பும்போது புனிதவதி ஜன்னல் பக்கம் வந்தார். கழுவித் துடைத்த சொதிப் பாத்திரத்தை உள்ளே நீட்டினார். குணபூசணிக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

“அந்த வார்த்தையை நான் ஏழு வீட்டுக்குச் சொல்லியிருக்கேன். கேட்டா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது.” கொஞ்சம் நிறுத்தினார். “அதுல ஒரு வீட்டுப் பிள்ளை என் பதிலுக்கு இன்னும் காத்திருக்காளாம். அவளைப் பத்தி நீ தெரிஞ்சுக்கணும். நீ பதில் சொல்றதுக்கு முந்தி. புதன்கிழமை எக்ஸ்சேஞ்சுக்கு வரேன். தம்பிக்குத் தெரிய வேணாம்.”

குணபூசணி பதில் சொல்வதற்குள் குடை நகர்ந்துவிட்டது. அவள் மடியில் இருந்த கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த அம்மா என்ன சொன்னாங்க?” என்றார் கனகேஸ்வரி.

“சொதி நல்லா இருந்துச்சாம்.”

பாலசுந்தரத்துக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. திரும்பும்போது அவர் கிள்ளான் பக்கம் சுற்றவில்லை. கிளப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே, சுங்கை பூலோ ரோட்டில் போனார். வளைவுக்கு ஒரு ஹார்ன், பாலத்துக்கு ஒரு ஹார்ன். பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் தன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, தெருவே வெளியில் வந்து பார்க்கும்வரை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.